ஜெயில் லிஸ்டில் மூன்றாம் நம்பர்

ஜெயில் சண்டையில் முதல் அடி யாருக்கு என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இருபத்தைந்து வருஷம் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மலையாளப் படம் என்றால் முதல் அடி தமிழனுக்கு. இரண்டாவது பெங்காலிக்கு. மூன்றாவது, உடம்பு பெருத்த எவனாவது ஒருவனுக்கு. கதாநாயகனுடைய செல்லில் கூட இருக்கும் நல்லவன் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக, படிய வாரிய தலையோடு ஓரமாக உட்கார்ந்து புத்தகம் படிப்பான். தமிழ்ப் படத்துக்குப் போனாலும் இதே கூத்துதான். அங்கே முதல் அடி வடக்கத்திக்காரனுக்கு, மலையாளி இருந்தால் அவன் காட்டிக்கொடுப்பவன். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புதிதாக ஸ்டண்ட் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு மெத்தை போடவும் கயிறு கட்டவும் சொல்லித் தர ஆள் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. பெருமைப்படுகிற மாதிரி நாலு கதை என்னிடமும் உண்டு. அதையெல்லாம் கேட்டு உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் திருவனந்தபுரம் பழவங்காடியில் பிள்ளையார் கோவில் பக்கம் தேங்காய்க் கடை. வலியசாலையில் வாடகை வீடு. வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். பள்ளிக்கூடத்தில் ஜூடோ கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் கதாநாயகிக்குப் பதிலாக விழுவதற்கு விக் வைத்த ஆம்பளைகளைத்தான் தள்ளிவிடுவார்கள். மீசையை மழித்துவிட்டு சேலையைச் சுற்றிக்கொண்டு விழுவார்கள். அந்த இடத்துக்கு ஒரு பெண் வேண்டும் என்று யாரோ கேட்க, நான் போய்ச் சேர்ந்தேன். விழுந்து விழுந்து, பிறகு மற்றவர்களை விழவைக்கும் உதவியாளர் ஆனேன். என் மலையாளத்தில் தமிழ் வாடையே இருக்காது. நான் தமிழ் என்பது செட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபடி நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு படம். திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு பழைய கிடங்குக்குள் பெண்கள் ஜெயில் செட் போட்டிருந்தார்கள். கீழே முற்றம், மேலே சுற்றிலும் கைப்பிடிக் கம்பி வைத்த வராந்தா. செய்யாத குற்றத்துக்கு உள்ளே வரும் ஒரு டீச்சர், அங்கே அதிகாரம் பண்ணும் தமிழ்த் திருட்டுக் கும்பலை அடித்து நொறுக்குகிறாள். கதை அவ்வளவுதான். டைரக்டர் சின்ன வயசு, மலையாளி, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஃபைட் மாஸ்டர் சென்னையிலிருந்து வந்தவர், நல்ல தமிழர்.

கைதிகளாக நடிக்கும் பெண்களைச் சேர்ப்பதும், யார் எங்கே நிற்பது, யார் எப்போது விழுவது என்று எழுதுவதும் என் பொறுப்பு. அந்தக் காகிதத்துக்கு ஜெயில் லிஸ்ட் என்று பெயர். அதில் ஒருத்தருடைய பெயரும் இருக்காது. ‘தடிச்சி’, ‘கிழவி’, ‘பெங்காலி 1’, ‘பெங்காலி 2’, அப்புறம் ‘பாண்டி 1’ முதல் ‘பாண்டி 6’ வரை. பாண்டி என்பது இங்கே தமிழர்களைச் சொல்கிற சொல். அன்பாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், மற்றபடி சொல்பவர்களும் இருக்கிறார்கள். சொல்லும் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயர் எழுதினால் மைக்கில் கூப்பிட நேரமாகும், ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள் என்றெல்லாம் காரணம் சொல்வோம். காரணம் சொல்ல வாய்க்கு என்ன பஞ்சம்.

பாண்டிகள் ஆறு பேருக்கும் முகம், கழுத்து, கை எல்லாம் கறுப்பு மேக்கப். ஆறு பேரில் ஐந்து பேர் மலையாளிகள். நிஜத் தமிழச்சி ஒருத்திதான், என்னைச் சேர்க்காமல். அவள் பெயர் இசக்கியம்மாள் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அவள் பாண்டி ஐந்து. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் புரோட்டா போடுகிறவர். இவள் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று யாரோ அழைத்து வந்திருந்தார்கள்.

முதல் நாள் மேக்கப்காரர் அவளைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் வேண்டாமே என்று தயங்கினார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு கோட்டு அடிப்பா. ஸ்கிரீன்ல தமிழ்னு தெரியணும்ல?”

அவள் சிரித்தாள். “எக்கா, இதுக்கு மேல கறுக்க எடமில்ல,” என்றாள் என்னைப் பார்த்து. நானும் சிரித்தேன். தமிழ் சரியாகப் புரியாதவள் மாதிரி, மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை. டீச்சர் மேல் வராந்தாவில் சுழன்று அடிக்க, மூன்று பேர் ஒரே சமயத்தில் கம்பியைத் தாண்டிக் கீழே விழவேண்டும். கீழே அட்டைப்பெட்டி அடுக்கி மேலே மெத்தை. விழ வேண்டியவர்கள் பாண்டி ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று பேரும் கைதேர்ந்த ஃபைட்டர்கள், ஒரு வாரம் பழகியவர்கள். மூன்றாவது ஷைலஜா. என்னோடு எட்டு வருஷமாக இருப்பவள்.

அன்றைக்கு ஷைலஜாவுக்குச் சேலை உரசிக் கழுத்து மேக்கப் அழிந்துவிட்டது. சரிசெய்யக் கூட்டிப் போயிருந்தார்கள். அந்த நேரம் வேறு ஒரு சின்ன ஷாட் எடுத்தார்கள். இடம் காலியாக இருக்கக்கூடாதே என்று ஒரு உதவி டைரக்டர் இசக்கியைக் கொண்டுபோய் ஷைலஜா இடத்தில் நிறுத்தி, “நீ இப்ப மூணு” என்று சொல்லிவிட்டான். சொன்னவன் அதை மறந்துபோனான். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

புகை போட்டாயிற்று. புகை கலைவதற்குள் எடுக்கவேண்டும். மாஸ்டர் “சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்துகிறார். நான் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். கம்பியோரம் மூன்று கறுப்பு முகம், மூன்று கொண்டை, மூன்று வெள்ளைச் சேலை.

“மூணு, ரெடியா?” என்றேன் மைக்கில்.

மூன்றாவது முகம் தலையாட்டியது.

ஷைலஜாவோடு எட்டு வருஷம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டிருக்கிறேன். அவள் தலையாட்டும் விதம் எனக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே ஷைலஜாவைத் தேடவில்லை. மூன்றைத் தேடினேன், மூன்று இருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது.

ஒன்றும் இரண்டும் முதுகைக் கொடுத்து அழகாக விழுந்தார்கள். மூன்றாம் நம்பர் கால் கீழாகக் குதித்தது. பெட்டியின் விளிம்பில் பட்டுச் சரிந்து, இடது கையை ஊன்றித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. கட் சொன்ன பிறகுதான் ஷைலஜா மேக்கப் அறையிலிருந்து ஓடி வந்தாள். “விளிச்சது என்னையல்லே சேச்சி,” என்றாள். கூப்பிட்டது என்னைத்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டியில் இசக்கியோடு நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவள் தமிழில் அரற்றினாள். நான் பழக்கதோஷத்தில் மலையாளத்திலேயே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வலியில் துடிக்கிறவளுக்கு அவள் பாஷையில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன ஜன்மம் நான் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைத்தார். பஞ்சு கரேலென்று வந்தது. “இதெந்தா, பொள்ளியதாணோ?” என்று பதறினார். தீக்காயம் என்று நினைத்துவிட்டார். இல்லை, பெயின்ட் என்றேன். அவர் என்னையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீட்டு எழுதுகிற இடத்தில் பெயர் கேட்டார்கள். நான் கையிலிருந்த லிஸ்டைப் பிரித்தேன். மூன்று என்று போட்டிருந்தது, அதுவும் அவளில்லை. வயசு, ஊர், வீட்டில் யாருக்குச் சொல்லவேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாளாக அவளை நான்தான் இங்கே நில், அங்கே ஓடு என்று விரட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்து அவள் கட்டில் பக்கத்தில் குனிந்தேன். “உன் பேரு என்னம்மா?” என்று தமிழில் கேட்டேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். “எக்கா, நீங்க தமிழா?” என்றாள். அதற்குப் பிறகுதான் பெயரைச் சொன்னாள். தோள் எலும்பு முறிந்திருந்தது, மணிக்கட்டு பிசகியிருந்தது. தலையில் அடியில்லை. பழகாமல் ஏன் குதித்தாய் என்று கேட்டேன். “மாட்டேன்னா நாளைக்கு வரச் சொல்ல மாட்டீயளே. மத்தவுக விழுததப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்,” என்றாள். அவள் புருஷன் கையெல்லாம் மாவோடு ஓடி வந்த பிறகு நான் செட்டுக்குத் திரும்பினேன்.

அங்கே சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. மாஸ்டர் லிஸ்டைக் கேட்டார்.

“ஷைலஜாவை மூணுல நிறுத்து மாலா. ஒன் மோர் போயிடலாம்.”

பிள்ளைகளே, இந்த வேலையில் நெருக்கடி என்பது கயிறு அறுந்துபோவது இல்லை. கயிறு அறுந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். எல்லோரும் வேலையைத் தொடரலாம் என்று இருக்கும்போது நீங்கள் ஒருத்தர் மட்டும் நிறுத்தவேண்டியிருக்கும். அதுதான் நெருக்கடி. லிஸ்டை நாலாக மடித்து இடுப்பில் சொருகினேன்.

“முடியாது மாஸ்டர். எல்லாரும் மூஞ்சியக் கழுவணும். யாரு எவருன்னு எனக்குத் தெரியணும். அது வரைக்கும் ஒருத்தியையும் மேல ஏத்தமாட்டேன்.”

அவர் முதலில் சிரித்தார். பிறகு நான் தமிழில் பேசுகிறேன் என்பது உறைத்தது.

“நீ தமிழா?”

“தமிழ்தான்.”

“நானும் தமிழன்தாம்மா. நான் என்ன கேவலமா பண்றேன்? ரெண்டு நாள் எடுத்தது கறுப்பு மூஞ்சி. இன்னிக்கு வேற மூஞ்சின்னா எப்படி ஒட்டும்? எடுத்தது அத்தனையும் குப்பைக்கா போவும்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதையும் சொல்லவேண்டும். முந்தின நாள் எடுத்ததும் இன்றைக்கு எடுப்பதும் ஒட்டவில்லை என்றால் இரண்டு நாள் உழைப்பும் வீண்தான். நாற்பது பேருடைய உழைப்பு.

“போகட்டும் மாஸ்டர். எனக்கே ஆள் அடையாளம் தெரியாமத்தான் அவ விழுந்தா.”

“இத்தனை வருஷம் நீதானே லிஸ்ட் எழுதுன? அப்பல்லாம் உன் ரோஷம் எங்க போச்சு?”

சுருக்கென்று தைத்தது. “எங்கயோ போயிருந்துச்சு மாஸ்டர். இப்ப வந்திருக்கு,” என்றேன்.

இனிமேல் எந்த மாஸ்டரும் உன்னைக் கூப்பிடமாட்டார் என்றார். சரி என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் பரவாயில்லை, நடுங்கிக்கொண்டே சொல்லலாம். அதற்குள் ஷைலஜா எழுந்துபோய் மேக்கப் மேஜையிலிருந்து தேங்காயெண்ணெயையும் பழைய துணியையும் எடுத்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். அந்தச் சாயம் தண்ணீரில் போகாது. மற்ற நாலு பேரும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சரியாகப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒருவருக்கொருவர் காதுக்குப் பின்னால் துடைத்துவிட்டார்கள். மாஸ்டர் கோபித்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டர் அது வரைக்கும் வாயே திறக்கவில்லை. கழுவின முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வெள்ளைத்தாளில் பெயர்களை எழுதி நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு அவர் கேட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

“சேச்சி, அப்போ இவரெல்லாம் எந்தினா அந்த டீச்சரை அடிக்குன்னது?”

இவர்களெல்லாம் எதற்காக அடிக்கிறார்கள் என்கிறார். பாருங்கள், பாண்டி ஒன்று முதல் ஆறு வரை அடிப்பதற்கு அவருக்குக் காரணமே தேவைப்படவில்லை. ஷைலஜா, ஓமனா என்று பெயர் வந்ததும் காரணம் வேண்டியிருக்கிறது. படிக்கட்டில் இருந்தவர்களே ஒரு காரணம் சொன்னார்கள். குழாயில் தண்ணீர் வருவது ஒரு மணி நேரம், புதிதாக வந்த டீச்சர் வரிசை தெரியாமல் முன்னால் போய்க் குடத்தை வைத்துவிட்டாள். அதை வைத்து அவர் சண்டையைத் திருப்பி எழுதினார். டீச்சர்தான் ஜெயித்தாள், கும்பல்தான் தோற்றது. அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. சினிமாவை நான் திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எடுத்ததையெல்லாம் மறுபடி எடுத்தோம், மாஸ்டரும் மறுநாள் வந்துவிட்டார்.

ஒரே ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. மூன்று பேர் விழுந்தார்களே, அது. எடிட்டருக்கு அந்த விழுகை ரொம்பப் பிடித்துவிட்டது. புகைக்குள் யார் முகமும் தெளிவாக இல்லை, ஒட்டிவிடலாம், வைத்துக்கொள்ளட்டுமா என்று டைரக்டர் கேட்டார். ஒரு மனுஷி எலும்பு முறிந்ததை வைத்து யாரும் கைதட்டவேண்டாம் என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமையோடு இசக்கி வீட்டுக்குப் போனேன். சாலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒற்றை அறை. கையைக் கழுத்திலிருந்து தொங்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“யாரக் கேட்டு வேண்டாம்னு சொன்னீய?”

உனக்காகத்தானே என்றேன்.

“விழுந்தது நானா நீங்களா? கைய ஒடிச்சது நானு. படத்துல நான் அந்த ஒரு எடத்துலதான் இருக்கேன். அதையும் வெட்டிப் போடச் சொல்லிட்டு எங்கிட்டயே வந்து சொல்லுதீய.”

புருஷன், “ஏளா, அக்காகிட்ட அப்படிப் பேசாத” என்றார். அவள் பேசட்டும் என்றேன். வாயில்தான் அப்படிச் சொன்னேன், மனசுக்குள் எனக்கும் கோபம். என் பிழைப்பையே பணயம் வைத்து உனக்காகப் பேசியிருக்கிறேனே என்று. ஆட்டோவில் பாதி தூரம் வந்த பிறகுதான் புத்தி வந்தது. அன்றைக்கு அவளைக் கேட்காமல் மூன்று என்றேன். இன்றைக்கு அவளைக் கேட்காமல் வேண்டாம் என்றேன். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். நீங்களும் ஒருநாள் யாருக்காகவாவது சண்டை போடுவீர்கள். போடுங்கள். போவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

டைரக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அவள்தான் முடிவு செய்யவேண்டும் என்றேன். மறுநாளே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என்னோடு அவள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தத் துண்டை ஓட்டிக் காட்டினார். “நல்ல ஷாட் ஆணு, அக்கா,” என்றார். அது உண்மை. புகையைக் கிழித்துக்கொண்டு மூன்று உருவம் கம்பியைத் தாண்டி வரும். யார் எப்படி விழுகிறார்கள் என்று தெரிவதற்குள் வெட்டிவிட்டிருந்தார்கள்.

இசக்கி இன்னொரு தடவை போடச் சொன்னாள். மறுபடியும் ஒரு தடவை. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவள் புருஷனும் குனிந்து பார்த்தார்.

“இதுல நீ எது?” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டைரக்டருக்கும் தெரியவில்லை. மெதுவாக ஓட்டினார், நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். பக்கவாட்டில் எடுத்தது, வரிசையும் தெரியவில்லை, மூன்றும் ஒன்றுபோல இருந்தது.

“எனக்கே தெரியல,” என்றாள் இசக்கி. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வெட்டிப் போடுங்க சார். கை சரியாவட்டும். நான் திரும்பவும் விழுதேன். இந்த மூஞ்சியோட.”

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் இசக்கியைப் பார்த்தேன். புருஷன், வேண்டாம் என்று சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்.

படத்தின் இரண்டாம் கட்டத்துக்காக அந்த செட் பிரிக்காமல் நின்றது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தினம் காலையில் அவளைப் பழக்கினேன். முதலில் தரையில், பிறகு பெஞ்சிலிருந்து, பிறகு மதில் மேலிருந்து. செங்கல் சுமந்த உடம்பு, சொன்னதை இரண்டு தடவையில் பிடித்துக்கொள்ளும். கால் கீழாகக் குதிக்கும் பழக்கம் மட்டும் போகாமல் படுத்தியது. அதற்காக நான் திட்டாத திட்டு இல்லை. அவளும் பதிலுக்குத் திட்டினாள்.

அந்த நாள் வந்தது. மேலே அவளும் ஷைலஜாவும் ஓமனாவும். கீழே மெத்தையில் நானே மூன்று தடவை படுத்துப் பார்த்தேன். புகை போட்டாயிற்று. மைக்கைக் கையில் எடுத்தேன், எனக்குக் குரல் வரவில்லை. முந்தின தடவை கேட்ட அந்தச் சத்தம்தான் காதுக்குள் இருந்தது. மறுபடியும் அதே கம்பிக்கு அவளை ஏற்றியிருக்கிறோமே, ஷைலஜாவும் ஓமனாவும் மட்டும் விழட்டும் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

மேலேயிருந்து இசக்கி எட்டிப் பார்த்தாள். புகைக்குள்ளேயும் அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“என்னக்கா, வாயடைச்சுப் போச்சா?” என்றாள். “பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. நான் வாறேன்.”

கூப்பிட்டேன்.